மூன்று பத்துக்கு இறங்கிய விமானம்

கார்லண்டின் மார்பைச் சவரம் செய்து, மருந்து தடவிவிட்டு நர்ஸ் போன பிறகும் அண்ணன் தம்பி சண்டை ஓயவில்லை.

புது கோச் யார் என்பதுதான் சண்டை.

"டெட்மர்தாண்ணே வரணும்," என்றான் கார்லண்ட். "பந்தைத் தூக்கி எறிஞ்சு ஆடுற ஆளு. உன் ஆளு பீக்குக்கு என்ன தெரியும்? முட்டிக்கிட்டு மூணு அடி போவாரு, ரெண்டடி திரும்பி வருவாரு."

"முட்டிக்கிட்டுப் போறதுதாண்டா ஆட்டம்," என்றான் வெர்லின். "உன் ஆளு வாயாலதான் ஜெயிப்பாரு."

பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பதைத் தோற்றுவிட்டு, பழைய கோச்சைப் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இன்று சனி. இந்த ஆறு நாளும் ஆல்டன் ஊரில் எவனும் வேறு பேச்சு பேசவில்லை.

கார்லண்டுக்குப் பேச மூச்சு போதவில்லை. பாதியில் நிறுத்தி, இழுத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தான். இதயம் பழுதாகி எட்டு மாதம். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: மாற்று இதயம் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள்.

யாருடையது, எந்த ஊரிலிருந்து வருகிறது, அதெல்லாம் சொல்ல மாட்டார்களாம். எடுத்த நாலு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துத் தைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் டாக்டர் சொன்னார்.

வெர்லினுக்குப் பயம். தம்பியின் கை சில்லிட்டிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் போனைப் பார்த்தான்.

கோச் தேடும் நாட்களில் ஆல்டன் ஜனம் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். எந்தத் தனி விமானம் எங்கிருந்து எங்கே பறக்கிறது என்று, விமானப் பாதையைக் காட்டும் ஆப்பில் நோண்டினான். அணி நிர்வாகம் வாயே திறக்காது. ஆனால் எந்த ஊரிலிருந்து விமானம் வருகிறதோ, அந்த ஊர் கோச்தான் வருகிறார் என்று இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்று வந்துகொண்டிருந்தது. ஃபேர்லியிலிருந்து ஆல்டனுக்கு, சின்ன ஜெட். மூன்று பத்துக்கு இறங்கும்.

ஃபேர்லி டெட்மரின் ஊர்.

வெர்லின் போனைத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். எட்டு மாதத்தில் கார்லண்ட் அப்படிச் சிரித்ததே இல்லை.

"போடுண்ணே. எல்லாருக்கும் போடு."

பீக், பீக் என்று ரசிகர் தளத்தில் ஆறு நாளாகத் தொண்டை கிழியக் கத்தியவன் வெர்லின். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தம்பிக்காக எழுதினான். டெட்மர் வருகிறார், ஃபேர்லி விமானம், மூன்று பத்து, ஊரே திரண்டு வாங்க.

திரண்டது. விமானத்தளத்துக்கு ஒரே ரோடுதான். படங்கள் வந்துகொண்டே இருந்தன. அணியின் சின்னமான கழுதையின் காது வைத்த தொப்பிகள், தோளில் குழந்தைகள், ரோட்டோரம் வண்டிகள், பிறகு ரோட்டிலேயே வண்டிகள். ஒவ்வொன்றையும் தம்பிக்குக் காட்டினான்.

மூன்று பன்னிரண்டுக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உங்க இதயம் வந்து இறங்கிருச்சாம். எடுத்து ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ஆம்புலன்ஸ்ல பதினஞ்சே நிமிஷம்தான், தயாரா இருங்க."

"சரிம்மா," என்றான் வெர்லின், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். டெட்மர் இறங்கும் படத்துக்காகக் காத்திருந்தான்.

மூன்றரை ஆயிற்று. யாரும் வரவில்லை. டாக்டர் வாசலில் வந்து நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று நாற்பதுக்குப் படம் வந்தது.

விமானத்தளத்து வாசலில் ஒரு ஆம்புலன்ஸ். சுற்றிலும் கழுதைக் காதுகள். வண்டியின் திறந்த கதவில் நீலத் தொப்பி போட்ட ஒரு பெண், வெள்ளைப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

கீழே எழுதியிருந்தார்கள்.

யாருய்யா இந்தம்மா, டெட்மர் பொண்டாட்டியா?

பெட்டில என்ன, பீரா?

ஆளை ஆம்புலன்ஸ்ல ஒளிச்சுக் கடத்துறாங்க, விடாதீங்கடா.

வெர்லின் அந்த வெள்ளைப் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு எழுதினான். அது டெட்மர் இல்லை. ஆஸ்பத்திரி விமானம். தயவுசெய்து வழி விடுங்க, ஒரு உயிர்.

உடனே பதில் வந்தது. கூப்பிட்டதும் நீதான், இப்போ விரட்டுறதும் நீதானா? பீக் கட்சிக்காரனுக்கு வயித்தெரிச்சல் பாரு.

நானூறு பேர் சிரித்தார்கள்.

மறுபடி எழுதினான். மறுபடி சிரித்தார்கள். எழுந்து வெளியே ஓடினான். நர்ஸ் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"போலீசுக்குச் சொல்லியாச்சு சார். அவங்களே கூட்டத்துக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எவனோ ஒரு பாவி, கோச் வர்றாருன்னு கிளப்பிவிட்டுட்டானாம்."

வெர்லின் தலையை ஆட்டினான்.

திரும்பி வந்தபோது கார்லண்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் மின்னியது.

"எத்தனை பேருண்ணே?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"ஒருத்தன்கூட நகரலையா?"

"நகரலடா."

கார்லண்ட் திருப்தியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டான்.

"நம்ம ஊர்க்காரனுங்கண்ணே," என்றான். "டெட்மரைப் பாக்காமப் போக மாட்டானுங்க."