கீபோர்டில் தால்சா

"தால்சா குழம்பு கொட்டியிருக்கு தங்கச்சி. இதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாதுலா."

மலேசியாவின் ஈப்போவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சுகுமாரன் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை நஸ்ரியாவின் பக்கம் தள்ளினான். தான் சொன்னால் அது வேதவாக்கு என்பது அவன் எண்ணம்.

நஸ்ரியாவுக்கு இன்று மூன்று மணிக்கு ஆன்லைனில் கடைசிப் பரீட்சை. தவறினால் பட்டத்துக்கு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நாலைந்து நாளாகவே ஒட்டிக்கொண்டிருந்த நடு கீகள் நாலும் இன்று காலை அடியோடு நின்றுவிட்டன. பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்திருந்தாள்.

சுகுமாரனும் முதலில் ஒழுங்காகத்தான் பார்த்தான். அணைத்துப் போட்டான். வேறொரு கீபோர்டைச் செருகினான். அதில் எல்லா எழுத்தும் விழுந்தது. அதையே இரவல் கேட்டிருப்பாள், ஆனால் அந்தப் பரீட்சையில் வெளியிலிருந்து எதையும் செருகக் கூடாது.

அப்புறம்தான் ஒரு கீயை நெம்பி எடுத்தான். அடியில் மஞ்சளாகக் காய்ந்து அப்பிக் கிடந்தது. நடுவே சிவப்பாக ஒரு துளி வேறு. அது மிளகாய் என்றான்.

"அப்பா என்ன செய்றாரு?"

"நாசி கண்டார் கடைண்ணே."

சோறும் குழம்பும் விற்கும் கடை என்றதும் அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சோற்றுக் கையோடு லேப்டாப்பைத் தொடுகிறவர்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான். படித்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது என்றான். சாப்பாடு விழுந்த கீபோர்டைத் தன் கடையில் கழுவுவதில்லை, புதிது வரவழைத்து மாட்ட இரண்டு நாள் ஆகும் என்று முடித்தான்.

சாப்பாட்டுக் கடைப் பக்கமே இதைக் கொண்டுபோனதில்லை என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவன் காதில் வாங்கவில்லை. நஸ்ரியாவுக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும் வந்தது. பிறந்ததிலிருந்து தால்சா வாசத்தில் வளர்ந்தவளிடமே இந்தக் கதையா? நெம்பி வைத்த கீயை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

சுகுமாரன் மோந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"சந்தனம், குங்குமம். எங்க வீட்டுல யாருண்ணே இதுக்குப் பொட்டு வைக்கிறது? போன வாரம் என் தம்பி பேட்டரி மாத்த இங்கதான் விட்டுட்டுப் போனான். ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள்தானே குடுத்தீங்க?"

இரண்டு நாள் ஆகும் என்ற வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.