எழும்பு ராசா

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் அதிகாரம் சாரதியிடம் இருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. கனத்த மனத்துடன் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. சாரதியிடம் இருப்பது சுக்கான் மட்டுமே. அதிகாரம் முன் கதிரையில் இருக்கும்.

அன்று முன் கதிரையில் இருந்தவர் விமலேஸ்வரி. பிறசர் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கதிரையில் ஓர் இளம் தாய், ஜெயரூபினி. மடியில் இரண்டு வயது மகன் யதுசன். அவன் கண் சொருகும்போதெல்லாம் அவள் கன்னத்தில் தட்டினாள்.

“எழும்பு ராசா. அங்கை பார், மாடு.”

யதுசனுக்கு மாட்டில் அக்கறை இல்லை. தலை சரிந்தது. போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி அவன் முகத்தில் தெளித்தாள். அவன் வீரிட்டான்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் விமலேஸ்வரி.

“இவன் நித்திரை கொள்ளக் கூடாதக்கா.”

“ஏன், சோதினைக்குப் படிக்கிறானோ?”

பஸ் சிரித்தது. யதுசன் மறுபடி சரிய, ஜெயரூபினி அவன் தொடையில் கிள்ளினாள். துள்ளியதில் சட்டை விலகியது. நெஞ்சின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு தழும்பு.

சிரிப்பு நின்றது.

“நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்த பிள்ளையையோ கிள்ளுறாய்?”

“இல்லையக்கா, வவுனியா ஆஸ்பத்திரி டொக்டர்தான்...”

“எந்த டொக்டர் கிள்ளச் சொன்னவர்? நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறன். வா, கேப்பம்.”

“இதெல்லாம் ஒரு தாயோ,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நடத்துநர் ரிக்கற் கிழிப்பதை நிறுத்தினார். “பிள்ளையை அவாவிட்டைக் குடுங்கோ தங்கச்சி.”

விமலேஸ்வரி கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. எடுத்துத் தன் மடியில் போட்டார். ஜெயரூபினி எழும்பினாள். நடுவில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

“அக்கா, கெஞ்சிக் கேக்கிறன், அவனை முழிப்பா வைச்சிருங்கோ.”

“பேசாமல் இரு.”

மாங்குளத்திலிருந்து வவுனியா வரை யதுசன் சுகமாக நித்திரை கொண்டான்.

ஆஸ்பத்திரியிலும் அவனை விமலேஸ்வரியே தூக்கிப் போனார். ஜெயரூபினி பின்னால் வந்தாள். ஸ்கான் அறை வாசலில் தாதி நின்றார்.

“மிஸ்ஸி, இவனைத் தாய் வழி முழுக்கக் கிள்ளிக்கொண்டு வந்தவா. நான்தான் பறிச்சு, மடியிலை போட்டு நித்திரையாக்கினனான்.”

தாதி யதுசனைப் பார்த்தார். அவன் அவருடைய பேனையை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“நல்லா நித்திரை கொண்டிட்டானோ?”

“ஓம், நல்லா.”

“நித்திரை கொள்ள விடாமல் கொண்டு வரச் சொன்னது நாங்கள், அம்மா. களைச்ச பிள்ளைதான் ஸ்கான் கட்டிலிலை அசையாமல் உறங்கும். இதயத்திலை போட்ட ஒட்டு கசியுதோ, நெஞ்சைத் திரும்பத் திறக்க வேணுமோ எண்டு இண்டைக்குப் பாத்திருக்கலாம். போன முறையும் துள்ளினதாலை ஒண்டும் தெரியேல்லை.”

விமலேஸ்வரி பிள்ளையைத் தாயிடம் நீட்டினார்.

உறங்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். யதுசன் ஸ்கான் பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் இதய டொக்டர் பின்னேரம் திரும்பிப் போனார்.

முல்லைத்தீவுக்குத் திரும்பிய பஸ்ஸில் யதுசன் நித்திரை கொண்டான். ஜெயரூபினி அவனை எழுப்பவில்லை.