பெஞ்சில் தனியாக

"வென்டெலோட சண்டையா?" என்று காதோரம் கேட்டாள் கெல்சி.

"பேசாம உக்காரு கண்ணு" என்றாள் வருங்கால மாமியார் மார்லிஸ்.

ஏக்ரன் நகரத்துப் பவுலிங் அரங்கில் சீசனின் கடைசிப் போட்டி; டிவியில் நேரடி ஒளிபரப்பு. பந்தை உருட்டிவிட்டு வென்டெல் வந்து உட்கார்ந்ததுமே, பெஞ்சில் இருந்த நண்பர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அவர் மனைவி மார்லிஸோ கூரையைப் பார்த்தாள். முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்த கெல்சிக்கு மனசு கேட்கவில்லை.

"அப்படி என்ன தப்பு பண்ணிட்டாரு? தண்ணி வேணுமான்னு கேக்கக்கூட ஆளில்லையே!"

"கெல்சி, வேண்டாம்..."

அதற்குள் அவள் காப்பியோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு பேசாட்டியும் நான் பேசுவேன் வென்டெல். நீங்க பிரமாதமா ஆடுறீங்க!"

வென்டெலின் முகம் வெளுத்தது. எழுந்து போய்ப் பந்தை உருட்டினார். ஒன்பது கட்டைகள் சரிந்தன. பத்தாவது ஆடி, ஆடி, அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த நொடி எல்லோரும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள்.

"பாத்தீங்களா, சமாதானம் ஆயிட்டாங்க!" என்றாள் கெல்சி.

"சண்டையே இல்ல, தாயே!" என்றாள் மார்லிஸ். "வரிசையா பன்னெண்டு பந்துலயும் பத்துக் கட்டையும் சாய்ஞ்சாதான் முழு ஸ்கோர். பதினோரு பந்துல சாய்ச்சவர்கிட்ட, பன்னெண்டாவது முடியறவரைக்கும் பொண்டாட்டிகூடப் பேசக்கூடாது. பேசினா ராசி போயிடும். டிவியில இப்படி ஒரு ஆட்டத்துக்கு இருபது சீசனா காத்திருந்தாரு மனுஷன்!"

சொல்லிவிட்டு அவளும் எழுந்து போனாள்.

கெல்சி அக்கம்பக்கம் பார்த்தாள். பெஞ்சில் அவளைத் தவிர யாருமில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆளில்லை.