குடிகாரனும் சைரனும்

அட்மின் இன்றைக்கும் கேன்டீனில்தான் இருந்தான்.

மேலாளரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடங்கின் கோப்பு, மெயில், சர்வீஸ் விவரம் எல்லாவற்றையும் இணைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டும் போட்டு, கேட்டால் பதில் சொல்லும் ஏஐ உதவியாளரை அமைக்க வந்தவன். உட்கார்ந்திருப்பதோ லோடுமேன்களோடு.

நாளை முதலாளி வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். அடம்பிடித்து வாங்க வைத்தது அவள். தலை உருளப்போவதும் அவளுடையதுதான்.

போன வாரம் வெள்ளோட்டம் விட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், "குடிகாரன் எப்ப சர்வீசுக்குப் போறான்?" என்று தட்டினார். வேலை நேரத்தில் மது அருந்தினால் சீட்டுக் கிழியும் என்று நீளமாக உபதேசம் வந்தது. குடிகாரன் என்பது இடது பக்கமே இழுத்துக்கொண்டு போகும் மூன்றாம் நம்பர் வண்டி. கிடங்கே சிரித்தது.

அன்றிலிருந்து இவனுக்குக் கேன்டீனே கதி.

டீ குடிக்கவா சம்பளம் என்று கேட்டாள்.

"ஃபைல்ல ஒரு பேரு, இவங்க வாயில ஒரு பேரு மேடம். வாயில இருக்கறதைப் பொறுக்கி உள்ள போட்டுட்டிருக்கேன்."

"எனக்கும் ஒண்ணு இருக்குமே?"

லோடுமேன்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இருக்கு. போட்டாச்சு."

அவளுக்குத் தெரியும். சைரன். கத்தினால் கடைசிக் கதவு வரை கேட்கும் குரல். எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அத்தனை பேர் முன்னால் மானம் தடுத்தது.

மறுநாள் பெரிய திரை. பக்கத்தில் முதலாளி. டிரைவர் மறுபடி குடிகாரனைப் பற்றிக் கேட்டார்.

மூன்றாம் எண் ஃபோர்க்லிஃப்ட், வியாழக்கிழமை சர்வீஸ், அதுவரை அதிகச் சுமை ஏற்ற வேண்டாம். பதில் பளிச்சென்று வந்தது.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். இன்னொன்று கேட்கச் சொன்னார்.

டிரைவர் ஓரக்கண்ணால் மேலாளரம்மாவைப் பார்த்தார். பிறகு தட்டினார்: "சைரன்னா என்ன?"

அவளுக்குக் காது சுட்டது.

திரையில் எழுத்து வந்தது.

"சைரன்: ஒன்று, வாசலில் உள்ள தீ எச்சரிக்கை ஒலிப்பான். இன்னொன்று, எங்கள் மேலாளர். இரண்டும் கத்துவது ஆள் பிழைக்க வேண்டும் என்பதற்காக."

முதலாளி கை தட்டினார். கிடங்கும் தட்டியது. அவள் அட்மினைத் தனியே இழுத்துப் போனாள்.

"என்னைக் காப்பாத்த நீயா எழுதினியா?"

"டைப் பண்ணினது மட்டும்தான் நான் மேடம். சொன்னது டிரைவர் அண்ணன். பட்டப்பேரு வெச்சதும் அவர்தானாம். போன வருஷம் ரேக் சரிஞ்சப்ப நீங்க கத்துன கத்துலதான் விலகினாராம்."