பெருமாள் பாதத்தில் வைத்த டயர்

“இவனைப் பந்தயத்தை விட்டே வெளிய அனுப்பணும். கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன்.”

காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற கண்ணுச்சாமி, ஜோயலின் முழங்கையைப் பற்றி இழுத்தபடி நடுவர் சுயம்புலிங்கத்தின் முன் வந்து நின்றார்.

செட்டியார்பட்டி அருகே, மூடிக்கிடக்கும் நூற்பாலையின் தார் வளாகத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கச் சற்று நேரமே இருந்தது. ராஜபாளையத்து ஜோயல் சென்ற ஆண்டு வென்றவன். கண்ணுச்சாமியின் மகள் பாண்டிசெல்வி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இந்தப் பந்தயத்தில் இறங்கும் முதல் பெண். இருவரும் ஓட்டுவது ஒரே ரக வண்டி.

“என்ன நடந்துச்சு அண்ணாச்சி?” என்றார் சுயம்புலிங்கம்.

“பிள்ள பேர் குடுக்கப் போயிருந்தா. நான் டீ குடிக்கப் போனவன் பேச்சுவாக்குல அரைமணி நேரம் நின்னுட்டேன். திரும்பி வந்தா, இவன் எம் மக வண்டிப் பின்சக்கரத்துக்கிட்ட குத்தவச்சிருக்கான். அவன் விரலப் பாருங்க, குங்குமம். சாமி குங்குமத்த அழிச்சிருக்கான். போலீஸ்ல இருந்தவன்யா நான், திருட்டு முழி எனக்குத் தெரியாதா?”

பனியனோடு நின்ற ஜோயல், விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டான்.

அந்தக் குங்குமத்திற்கு ஒரு வரலாறு உண்டு. சென்ற ஆண்டு ஜோயலின் வண்டியில் தடித்த பின்டயரைக் கண்டு வியந்த கண்ணுச்சாமி, அதே டயரை, அதே அளவில், மதுரையிலிருந்து தருவித்தார். பந்தயத்திற்கு முந்தைய நாளான புரட்டாசிச் சனிக்கிழமையன்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட சிறு குன்றேறி, அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருவடியில் அதை வைத்தெடுத்து, அன்றே மகளின் வண்டியில் பூட்டச் செய்தார். ஜோயல் டயரோடு அது உட்காரும் ரிம் வளையத்தையும் அகலமானதாக மாற்றியிருந்தான் என்பது அவர் கண்ணில் படவில்லை. பாண்டிசெல்வியின் வண்டியில் இருந்ததோ பழைய ஒல்லி ரிம்.

அன்று மாலை ஒத்திகையின்போது, வளைவில் சாய்ந்த வண்டி பாம்பாக நெளிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஜோயல் ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, இந்த டயருக்கு நாலு இஞ்சு ரிம்மு வேணும். இது ரெண்டரை. ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிடிச்சு, டயரு நடுவுல முட்டை மாதிரி உருண்டு நிக்கி பாருங்க. வேகமாச் சாய்ச்சா ரிம்ம விட்டே கழண்டுரும். பழைய டயரையே போட்டிருங்க.”

“பெருமாள் பாதத்துல வச்சத அவுக்கச் சொல்லுதியாலே? சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பயலுக்கு அது எங்க தெரியப்போகுது. எம் மககிட்ட தோத்துருவோம்னு பயம் வந்துட்டுன்னு சொல்லு.”

நெளிவை உணர்ந்தவள் பாண்டிசெல்விதான். ஆயினும் தந்தையின் பக்தியை மீற மனமின்றி அதே டயரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலையில் கண்ணுச்சாமி தம் கையாலேயே டயரின் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மிச்சத்தைப் பொட்டலமாகக் கைப்பிடியில் முடிந்துவைத்தார். அதன் பிறகுதான் டீ குடிக்கப் போனார்.

சுயம்புலிங்கம் குனிந்து வண்டியை ஆராய்ந்தார். பிரேக், சங்கிலி, காற்று எல்லாம் செவ்வையாக இருந்தன.

“குங்குமம் அழியலையே அண்ணாச்சி. இப்பத்தான் வச்ச மாதிரி ஈரமால்லா இருக்கு.”

“அப்போ எதுக்கு வண்டியத் தொட்டான்? கேளுங்க.”

நடுவர் கேட்டார். ஜோயல் தலை நிமிரவில்லை.

“தொட்டது நெசந்தான். நான் இன்னைக்கு ஓட்டல அண்ணாச்சி. அவிய ஓட்டட்டும்.”

குற்றத்தை ஒப்புக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்? கூட்டத்தில் ஒருவன், “பொம்பளப் பிள்ளைக்குப் பயந்து சட்டையக்கூட விட்டுட்டு ஓடுதான் பாரு,” என்றான். சிரிப்பொலி எழுந்தது. ஜோயல், பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியின் பின்புறமாக நடந்து மறைந்தான்.

கொடி விழுந்தது.

வண்டிகள் இடியென முழங்கிப் பாய்ந்தன. நேற்று நெளிந்த அதே வளைவை நெருங்கியபோது கண்ணுச்சாமி கண்களை இறுக மூடிக்கொண்டு, “பெருமாளே, பெருமாளே,” என்றார். அவருக்கும் உள்ளூர அச்சம் இருந்திருக்கிறது.

பாண்டிசெல்வி சாய்ந்தாள். வண்டி நெளியவில்லை. இன்னும் சாய்ந்தாள். முழங்கால் தரையைத் தொட்டுவிடுமோ என்று கூட்டம் மூச்சை அடக்கியது. டயர் தாரைக் கவ்விப் பிடித்தது. வளைவுக்குள் நான்காவதாக நுழைந்தவள் இரண்டாவதாக வெளிப்பட்டாள். அடுத்த வளைவில் முன்னே எவரும் இல்லை. எல்லைக்கோட்டை அவள் கடந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் துண்டுகளை வானத்தில் வீசினார்கள்.

“அப்பா, நேத்து ஓட்டுன வண்டியே இல்லப்பா இது,” என்றாள் மகள், மூச்சு வாங்க. “தண்டவாளத்துல போற மாதிரில்லா போகுது.”

“பெருமாள் இருக்கும்போது ரிம்மு என்னட்டி ரிம்மு.”

கண்ணுச்சாமி பின்டயரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பின்பு மீசையை நீவியபடி எழுந்தார்.

“இத அந்தப் பய மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வாரேன்.”

கிட்டங்கியின் பின்னால் ஜோயல் இல்லை. அவனுடைய வண்டி மட்டும் கற்களின் மேல் நின்றிருந்தது. அதில் பின்சக்கரம் இல்லை.

பக்கத்தில் படுத்துக் கிடந்தது ஒரு சக்கரம்: தடித்த டயர், ஒல்லி ரிம், காலையில் அவர் கையால் இட்ட சந்தனமும் குங்குமமும் சற்றும் கலையாமல்.

பெருமாள் பாதத்தில் வைத்தது மண்ணில் படாதபடி அதன் அடியில் விரித்திருந்தது, ஞாயிறு ஆராதனைக்கென்று ஜோயல் உடுத்தி வந்த வெள்ளைச் சட்டை.