தெரியாத ஒட்டு

"நல்லூர்க் கந்தன் ஆணை! நான் சொல்லுறதிலை ஒரு சொல் பொய் எண்டாலும் இந்த ரெண்டு கையும் விளங்காமல் போகட்டும். இது நான் செய்த கார்!"

சிவநேசம் போட்ட சத்தத்தில், மொன்றியல் தீவின் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக் கல்லூரி வளவில் பழைய கார்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் விரல் நீட்டிய இடத்தில் ஒரு நீல நிற டொட்ஜ் சார்ஜர் நின்றது. அறுபத்தொன்பதாம் ஆண்டு வண்டி. அதன் கண்ணாடியில் ஒரு சிவப்பு நாடா. 'கைபடாத காருக்கான பரிசு' என்று அதில் பிரெஞ்சில் எழுதியிருந்தது.

"கைபடாத காராம்! நான் செயின்ட்-மிஷேல் கராஜிலை போன வருஷ மாரி முழுக்க இதுக்குள்ளை கிடந்தனான். பனிக்கு றோட்டிலை போடுற உப்பு தின்ற பின் மட்காட் ரெண்டையும் வெட்டி எறிஞ்சுபோட்டு, தகடு வாங்கி, மணல் மூட்டையிலை வைச்சுத் தட்டித் தட்டி வளைச்சு ஒட்டினனான். அல்பேட் நன்றி கெட்டவன், ஒருத்தரும் தொடேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டான்!"

அல்பேட் என்பவன் துறைமுகத்தில் லொறி ஓட்டுபவன், சிவநேசம் திருத்திக் கொடுத்த சார்ஜரின் சொந்தக்காரன். காரைக் காட்சிக்குக் கொண்டுபோகிறேன், வந்து பாருங்கோ அண்ணை என்று அழைத்தவனும் அவன்தான். இப்போது ஆளைக் காணவில்லை.

"இஞ்சாருங்கோ, மெல்லக் கதையுங்கோ" என்றாள் மனைவி புஷ்பவதி. "அல்பேட்டின்ரை காருக்குள்ளை மாதா படம் ஒண்டு இருக்குமெல்லோ? இதிலை காணேல்லை."

"பரிசுக்காகக் கழட்டிப்போட்டான். மாதாவையே மறைச்சவன் என்னை மறைக்க மாட்டானே? நீர் சும்மா இரும்."

நடுவர் மணிவாசகம் வந்தார். மதுரைக்காரர், பொறியியலாளர், மொன்றியலுக்கு வந்து தலை நரைத்தவர்.

"சார், கொஞ்சம் நிதானமா பேசுங்க. யார் காருன்னு நடுவருக்குச் சொல்லக் கூடாதுங்கறது விதி. நம்பரைக்கூட மறைச்சிருக்கோம் பாருங்க. காந்தம் வெச்சுப் பாத்துட்டேன். எங்கயும் பட்டி பூசி அடைச்ச இடம் இல்ல."

"பட்டி அப்பி மெழுகுறதுக்கு நான் என்ன கொத்தனோ? முழுக்கத் தகடு ஐயா, தகடு!"

"சரி, ஒட்டு எங்க இருக்கு, காட்டுங்க."

சிவநேசம் மட்காட்டில் விரலை வைத்தார். "இதிலை. தெரியுதோ?"

மணிவாசகம் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். "தெரியல."

"இதிலை?"

"ஒண்ணும் தெரியலயே சார்."

"பாத்தியளே! அதுதான் என்ர ஒட்டு!"

கூட்டம் சிரித்தது. சிவநேசத்துக்குக் காது சிவந்தது. அவர் பொதுவாகப் பொய் சொல்லுகிறவர் அல்லர். உண்மை குட்டையாகத் தெரிந்தால் அதற்கு ஒரு துண்டுத் தகடு வைத்து ஒட்டுவார், அவ்வளவுதான்.

மணிவாசகம் டார்ச்சுடன் காரின் அடியில் நுழைந்தார். "கம்பெனி போட்ட புள்ளி ஒட்டு அப்படியே வரிசையா இருக்கு சார்."

"அதையும் நான்தான் போட்டனான். கம்பனிக்காரனே வந்து பாத்தாலும் தன்ர வேலை எண்டு சத்தியம் பண்ணுவான்."

"இங்க பழைய துரு இருக்கே? போன வருஷம் போட்ட தகட்டுல இது எப்படி வரும்?"

சிவநேசம் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார்.

"துருவோ? அது நான் வளர்த்தது."

"வளர்த்ததா?"

"பின்னை? அந்தக் காலத்துக் காருக்கு அந்தக் காலத்துத் துரு வேண்டாமோ? உப்புத் தண்ணி தெளிச்சு, சாக்குப் போட்டு மூடி, காலமையும் பின்னேரமும் பாத்துப் பாத்து வளர்த்தனான். எங்கை நிப்பாட்ட வேணுமோ அங்கை நிப்பாட்டினனான்."

"எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே" என்றாள் புஷ்பவதி.

"தொழில் ரகசியம்."

"வீட்டு பல்கனிக் கம்பி ஆடுறதை ஒட்ட மட்டும் உங்களுக்கு நேரமில்லை."

சிவநேசம் அதைக் காதில் வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "எனக்குக் காசு வேண்டாம், கோப்பை வேண்டாம். இது சிவநேசத்தின்ரை வேலை எண்டு இந்தச் சனத்துக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் இந்தக் காருக்கு முன்னாலை படுத்திடுவன்!"

மணிவாசகம் அடியிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டினார். முப்பது ஆண்டு இரும்போடு பழகியவர், இப்போது மட்காட்டை இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

"துருவைக்கூடச் செஞ்சிருக்கீங்க. இந்த மாதிரி வேலை நான் பாத்ததே இல்ல சார்" என்றவர், கண்ணாடியில் இருந்த நாடாவைக் கழற்றிச் சிவநேசத்தின் சட்டையில் குத்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் அவர் பெயரை உரக்கச் சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சிவநேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புஷ்பவதிகூடத் தட்டினாள்.

கைதட்டல் ஓயுமுன் வாசலில் ஓர் இழுவை லொறி வந்து நின்றது. அதன் முன் இருக்கையிலிருந்து அல்பேட் குதித்து ஓடிவந்தான்.

"சிவநேசண்ணை, குறை நினைக்காதையுங்கோ! விடிய வெளிக்கிட்டனான், ஹைவேயிலை கார் நிண்டு போச்சு!"

லொறியின் கொக்கியில் இன்னொரு நீலச் சார்ஜர் தொங்கியது. அதன் பின் மட்காட்டில் சிவநேசம் போட்ட ஒட்டு, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.