அத்தைக்கு வழி தெரியாது

“இந்தச் சீட்டுல என் இடம் எதுன்னு பாத்துச் சொல்லும்மா. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

விமானத்துக்குக் காத்திருந்த கூட்டத்தில் அந்த அம்மாள் நீட்டிய சீட்டு தலைகீழாக இருந்தது. மாணவி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள். அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிறாளாம். நடுவழியில் இறங்கி வேறு விமானம் மாறவேண்டும் என்கிறார்களே என்று கவலைப்பட்டாள்.

இதுதான் முதல் தடவையா என்று மாணவி கேட்டாள். தனியாகப் போவதென்றாலே பயமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

“நானும் அங்கேதான் போறேன் ஆன்ட்டி. கூடவே வாங்க.”

“ஆன்ட்டி வேணாம், அத்தைன்னு கூப்பிடு. பயப்படாதே, என் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.”

அன்றைக்கு முதல்முறையாக மாணவிக்குச் சிரிப்பு வந்தது.

விடுமுறை முடிந்து இரண்டாம் வருடப் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள் அவள். அங்கே மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒரே ஒரு தட்டுக்கு மேஜை எதற்கு என்று, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியிருந்தாள்.

வகுப்பு முடிந்தால் கடையில் பில் போடும் வேலை. அங்கே அவள் வாயிலிருந்து வரும் ஒரே கேள்வி, பை வேணுமா என்பதுதான். சனி, ஞாயிறில் அதுவும் இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தன் குரலே யாருடையதோ போல அவளுக்குக் கேட்கும்.

“போகலேன்னா என்னப்பா?” என்று முந்தாநாள் விளையாட்டுப்போலக் கேட்டுப் பார்த்தாள். அப்பா பெட்டியின் பூட்டைச் சரிபார்க்கப் போய்விட்டார். அப்போதே அவள் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டாள். நடுவழியில் இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக்கே திரும்பிவிடுவது. அதற்கு மட்டும் தைரியம் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

விமானத்தில் அத்தை அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் கெஞ்சி இடம் மாற்றிக் கொடுக்கவேண்டியிருந்தது. பெல்ட்டை மாட்டிவிடவேண்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்ததும், தனக்கு இனிப்பு ஆகாது என்று அதை மாணவியின் பக்கம் தள்ளிவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை அத்தை முகத்தைத் திருப்பவில்லை.

இறங்கிய இடத்தில் மறுபடியும் சோதனை வரிசை. வளையல், செருப்பு, கைப்பேசி என்று யாரும் சொல்வதற்கு முன்பே அத்தை எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிவிட்டு நின்றாள். மாணவிதான் இடுப்பு பெல்ட்டைக் கழற்ற மறந்து, திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வந்தாள்.

அதைத் தாண்டியதும் பெரிய அறிவிப்புப் பலகை. வீட்டுக்குத் திரும்பும் விமானம் இரண்டு மணி நேரத்தில், இடது பக்கம். அவர்கள் ஏறவேண்டிய விமானம் மேல் தளத்தில், வலது பக்கம். அத்தைக்கு வழியைக் காட்டிவிட்டால் போதும், மாணவியைத் தடுக்க ஆளில்லை.

“அத்தை, நீங்க இந்தப் படியில ஏறி நேரா போனீங்கன்னா…” என்று தொடங்கினாள்.

நகரும் படிக்கட்டுக்கு முன்னால் அத்தை காலைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றாள். திரும்பி மாணவியின் முகத்தைப் பார்த்தாள். அவள் குரல் தணிந்தது.

“உனக்கு வேற வேலை இருந்தா நீ போம்மா. இது எப்பவாவது நிக்கும்ல, அப்போ நான் ஏறிக்கிறேன்.”

மாணவி இடது பக்கம் ஒருமுறை பார்த்தாள். அந்த நடைவழி விசாலமாக, வெளிச்சமாக இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, கையை நீட்டினாள்.

அத்தை அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கடந்த ஒரு வருடத்தில், படிக்கப் போன நாட்டில் மாணவியின் கையை யாரும் பிடித்ததில்லை. படிக்கட்டு மேலே கொண்டுபோய் விட்ட பிறகும் இருவரில் ஒருவரும் கையை விடவில்லை.

அடுத்த விமானத்தில் மாணவி நன்றாகத் தூங்கினாள். விழித்தபோது அத்தையின் சால்வை அவள்மேல் இருந்தது. இறங்கியதும் அத்தைக்கான படிவத்தை நிரப்பினாள், வரிசையில் முன்னே நிறுத்தினாள், அதிகாரி கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். அத்தையின் மகன் வீடு அவள் அறையிலிருந்து ஐந்து நிறுத்தம்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை. அதுவரைக்கும் தனியா எங்கேயும் கிளம்பிடாதீங்க, தொலைஞ்சுபோயிடுவீங்க.”

அத்தை சமர்த்தாகத் தலையாட்டினாள். மாணவி பெட்டிகளை வைக்கத் தள்ளுவண்டி எடுத்து வரப் போனாள். அந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் காத்திருக்கப்போவது இதுதான் முதல் தடவை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது, அத்தை அந்தப் பக்கம் பார்த்தபடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“உங்க பொண்ணு பத்திரமா வந்து சேந்துட்டா அண்ணே. ஒன்பதாவது தடவை வர்ற எனக்கே வழிகாட்டிக் கூட்டிட்டு வந்துட்டா.”